வாட்டம் அறிந்த கை

2021 ஆகஸ்ட் 7 காலையில், நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து நாட்டையே எழுந்து நிற்க வைப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, கோல்ஃப் பக்கமே தலைவைத்துப் படுக்காத வீடுகளில்கூட டோக்கியோ ஒலிம்பிக்கின் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், வயது 23, உலகத் தரவரிசையில் 200-ஆம் இடத்தில் இருந்தவர், கசுமிகசேக்கி மைதானத்தில் பதக்க இடங்களுக்குள் வருவதும் நழுவுவதுமாக ஆடிக்கொண்டிருந்தார். பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தவர் அவருடைய அம்மா மகேஸ்வரி. நான்கு நாள் கணக்கு 67, 66, 68, 68. மொத்தம் 269 அடிகள். வெண்கலம் வாங்கிய லிடியா கோவைவிட ஒரே ஓர் அடி கூடுதல். நான்காம் இடம்.

அந்த ஓர் அடிக்காக அன்று பலர் வருந்தினார்கள். எனக்கோ அவர் அந்த இடம் வரை வந்த விதமே பெரிதாகத் தெரிந்தது. களத்தில் இருந்த 60 பேரில் குறைவான தூரம் அடிப்பவர்களில் அவர் ஒருவர். சில மாதங்களுக்கு முன்புதான் கோவிட் வந்து உடம்பில் இருந்த பலத்தையும் கொஞ்சம் எடுத்துப் போயிருந்தது. தங்கம் வென்ற நெல்லி கோர்டாவின் முதல் அடி போய் விழுந்த இடத்துக்கு அதிதியின் பந்து எட்டவே இல்லை. மற்றவர்கள் சின்ன இரும்பு மட்டையால், குழியைச் சுற்றிய குட்டைப் புல்வெளியான கிரீனுக்கு அனுப்பிய பந்தை அவர் நீண்ட மட்டை எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அப்படியும் கடைசிக் குழி வரை உலகின் முதல் நிலை வீராங்கனைகளின் தோளோடு தோள் நின்றார் என்றால், அதற்குக் காரணம் அவர் கையில் இருந்த புட்டர், பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை. கிரீனுக்கு வந்த பிறகு அவரை முந்த அந்த வாரம் ஆள் இல்லை.

புட்டிங் என்பது கோல்ஃபில் பலம் வேண்டாத ஒரே அடி. பந்து வானத்தில் பறப்பதில்லை, தரையோடு உருளுகிறது. குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்தின் விட்டம் குறைந்தது 1.68 அங்குலம்; எடை அதிகபட்சம் 46 கிராமுக்குச் சற்றுக் கீழே. பத்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் உலக சாம்பியனும் ஒரே தரத்தில் நிற்கக்கூடிய இடம் இது. மைதானத்தின் இலக்குக் கணக்கே குழிக்கு இரண்டு புட் என்று வைத்துத்தான் போடப்படுகிறது. 18 குழிக்கு 36. அதாவது 72 அடி இலக்கு உள்ள மைதானத்தில் சரிபாதி. தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதை 29 வாக்கில் முடிக்கிறார்கள்.

இதை வைத்துப் புட்டிங்தான் எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, லட்சக்கணக்கான அடிகளின் கணக்கை அலசி, முன்னணி ஆட்டக்காரர்களைப் பிரித்துக் காட்டுவதில் புட்டிங்கின் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான், கிரீனை நோக்கி அடிக்கும் நீண்ட அடிகளே பெரும்பங்கு என்று நிறுவியிருக்கிறார். கணக்கு சரிதான், மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் எது அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதும் எதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு என் பதில் புட்டிங்தான்.

எதைப் பார்ப்பது? முதலில் பந்தைப் பார்க்கக் கூடாது. தொலைக்காட்சி நம்மைப் பந்தின் பின்னால் ஓட விட்டுவிடுகிறது. பந்து கிளம்புமுன் முடிந்துபோகிற ஏறக்குறைய ஒரு நொடியில்தான் கலை இருக்கிறது.

புட்டர் பின்னால் போகிறது, திரும்பி வருகிறது, பந்தைத் தொடுகிறது. பின்னால் போகும் நேரம் இரண்டு பங்கு என்றால், திரும்பி வந்து பந்தைத் தொடும் நேரம் ஒரு பங்கு. நல்ல கைகளை அளந்து பார்த்தவர்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த விகிதத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. மூன்றடி தூரத்துக்குப் போடும் புட்டும் முப்பதடி தூரத்துக்குப் போடும் புட்டும் எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. தூரம் கூடினால் மட்டை போகும் அகலம் கூடும், காலம் கூடாது. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் காலப்பிரமாணம் என்பார்களே, அது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. தொங்கும் ஊசல் அகலமாக ஆடினாலும் குறுகி ஆடினாலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அதே நேரம் எடுப்பது இயற்பியல். மனிதக் கை அப்படி ஆடுவது பயிற்சி. தோள் இரண்டும் கை இரண்டும் சேர்ந்து ஒரு முக்கோணமாக நின்று, மணிக்கட்டு மடங்காமல் ஊசலாகும்போது அந்த வேகம் யாரும் கொடுத்ததாகத் தெரியாது. பந்து அந்த ஊசலின் வழியில் தற்செயலாகக் கிடந்தது போலவும், மட்டை அதைத் தட்டாமல் கூடவே கூட்டிப்போனது போலவும் இருக்கும்.

வழவழப்பான புட்டிங் என்றால் மெதுவான புட்டிங் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மெதுவாகப் போட்டு, பந்தருகே வந்ததும் பதறி வேகம் கூட்டுகிற கையும் உண்டு. அகலமாகப் பின்னால் கொண்டுபோய், பயந்து பாதியில் பிரேக் பிடிக்கிற கையும் உண்டு. இரண்டும் நடுவில் முறிந்த கைகள். விரைவாகவே போட்டும் முறியாமல் வந்தால் அதுதான் வழவழப்பு.

துல்லியம் எவ்வளவு தேவை என்று சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடி தூரத்தில் பந்து ஒரு டிகிரி விலகிக் கிளம்பினால், குழிக்கு வரும்போது இரண்டு அங்குலம் விலகியிருக்கும். குழியின் ஆரமே இரண்டேகால் அங்குலம் இல்லை. ஆகவே பத்தடிக்கு ஒரு டிகிரி, இருபதடிக்கு அரை டிகிரி. அதுவும் தரை சமமாக இருந்தால். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தொடும் கணத்தில் மட்டை முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான்; மட்டை எந்தப் பாதையில் வந்தது என்பதன் பங்கு சின்னது. எனவே நேர்கோட்டில் இழுக்கிறாரா, லேசான வளைவில் இழுக்கிறாரா என்ற வாக்குவாதத்தில் எனக்குச் சுவாரசியம் இல்லை. முகம் சதுரமாக வந்து சேர்ந்தால் போதும்.

தொட்ட பிறகு பந்து உடனே உருளுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புல்லில் பந்து சற்றே அமுங்கிக் கிடக்கும். அதை அந்தப் பள்ளத்திலிருந்து கிளப்பத்தான் புட்டரின் முகத்துக்கு மூன்று, நான்கு டிகிரி சாய்வு வைத்திருக்கிறார்கள். கிளம்பிய பந்து கொஞ்ச தூரம் வழுக்கும், பிறகுதான் புல்லைப் பிடித்து உருளத் தொடங்கும். நல்ல கையில் இந்த வழுக்கல் குறைவு. பந்தின் மேல் அச்சடித்த கோடு நடுங்காமல் சுழன்று வருவதைக் கிரீன் ஓரம் நின்று பார்க்கக் கிடைத்தால், அதற்கு மேல் எனக்கு வேண்டியது ஒன்றுமில்லை.

தருமபுரியில் இருந்துகொண்டு இதை ரசிப்பது என்றால் பேருந்து ஏற வேண்டும். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூரும் எங்கள் மாவட்டம்தான். அந்த ஓசூரை அடுத்துத்தான் க்ளோவர் கிரீன்ஸ் மைதானம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பெங்களூர். 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் அங்கே இருக்கிறது. தொழில்முறைப் போட்டிகள் நடக்கும் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானமும் அங்கேதான். போட்டி நாட்களில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பெங்களூருக்கு எங்கள் ஊரிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும் அந்த நகரத்தின் சுவர்களில் பாதியைக் கட்டியிருப்பார்கள் என்று தோன்றும். அவர்களோடு பேசி வளர்ந்ததால், கிரீனில் ஆட்டக்காரர் செய்யும் வேலை எனக்குப் பழகிய வேலையாகவே தெரிகிறது. மொட்டை மாடித் தளம் போடும்போது பத்தடிக்கு ஓர் அங்குலம் போல வாட்டம் வைப்பார்கள், மழைத்தண்ணீர் மூலையில் இருக்கும் குழாய்க்குப் போய்ச் சேர. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தளத்தில் தண்ணீர் மட்டும் வழி கண்டுபிடிக்கும். கிரீனும் அப்படித்தான். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகவே எந்தக் கிரீனும் சமமாக இருக்காது. ஆட்டக்காரர் குழிக்குப் பின்னால் போய்க் குந்தி, பந்துக்குப் பின்னால் வந்து குந்தி, பக்கவாட்டில் நடந்து பாதத்தால் உணர்ந்து பார்ப்பது அந்த வாட்டத்தைத்தான். சிலர் புட்டரின் பிடியை இரண்டு விரலால் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதைத் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். இந்த முறை பலிக்குமா என்பதில் கோல்ஃப் ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நான் பார்த்த நல்ல கைகள் பெரும்பாலும் தூக்குக்குண்டை நம்பாமல் பாதத்தை நம்பின.

ஒருமுறை பாலக்கோட்டுப் பக்கத்துக் கேடி ஒருவர், ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் அந்த வேலையிலேயே தலை நரைத்தவர், கயிற்றோரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் அவருக்கு ஒரு நெருக்கம். வளைந்து போன ஒரு புட்டைப் பார்த்து நான் வியந்தபோது சொன்னார்: “குழியப் பாக்காதீங்கண்ணா. கடைசி ரெண்டடியப் பாருங்க. பந்து அங்கதான் ஓயும். வேகமா போற பந்து வாட்டத்த மதிக்காது. ஓய்ஞ்ச பந்துதான் கட்டுப்படும்.” பிறகு காலடியில் குனிந்து புல்லைக் காட்டினார். “அப்புறம் இது. இது எந்தப் பக்கம் படுத்திருக்குதுன்னு பாக்கணும்.”

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தென்னிந்தியச் சமவெளி மைதானங்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா வகைப் புல். பெர்முடா என்று உலகம் சொல்வது நம் அருகம்புல்தான், பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே செடி. கிரீன்களில் போடுவது அதை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு கலந்து உண்டாக்கிய குட்டை ரகங்கள். அவற்றில் புகழ்பெற்ற டிஃப்ட்வார்ஃப் 1965-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெளியானது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டினாலும் சாகாமல் படரும் பிடிவாதம் அருகம்புல்லிடமிருந்து வந்த சொத்து. வயல் வரப்பில் அதைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்த கைகளுக்கு அந்தப் பிடிவாதம் தெரியும். ஆனால் படரும் புல்லுக்கு ஒரு குணம் உண்டு, அது ஒரு பக்கமாகப் படுக்கும். படுத்த திசையோடு பந்து போனால் விரைவு, எதிர்த்துப் போனால் மந்தம், குறுக்கே போனால் பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளத்தால் நம்மை விட்டு விலகிப் படுத்திருக்கிறது. கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கிப் படுத்திருக்கிறது. குழியின் விளிம்பைப் பார்த்தாலும் தெரியும். ஒரு பக்கம் பிசிறடித்துப் பழுத்திருந்தால் புல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் மைதானத்திலேயே 1980 வரை பெர்முடா கிரீன்கள்தான் இருந்தன, பிறகுதான் பென்ட் புல்லுக்கு மாறினார்கள். பென்ட் புல் கிரீன் கண்ணாடி போல வேகமானது. எனக்கு நம் புல்லில் ஆடும் புட்டிங்தான் கூடுதல் சுவை. கையின் தயக்கத்தை அது மன்னிப்பதில்லை. தயங்கிய பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும்.

குழிக்கு எவ்வளவு வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது இந்தக் கலையின் நிரந்தர வழக்கு. நாசாவில் வேலை பார்த்துவிட்டுக் கோல்ஃப் ஆராய்ச்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், குழி இல்லாதிருந்தால் பந்து 17 அங்குலம் தாண்டிப் போய் நிற்கும் வேகமே சிறந்தது என்றார். குழியைச் சுற்றி நடந்த கால்களால் ஏற்பட்ட மேடுபள்ளத்தை அந்த வேகம் பொருட்படுத்தாது என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு, விளிம்பிலேயே ஓயும் பந்தை விரும்புகிறது. செம்மண் தெருவில் குழி தோண்டிக் கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு இது பாடம் இல்லாமலே தெரியும்: ஓய்ந்து வரும் குண்டு குழியின் எந்த ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே விழும், விரைந்து வரும் குண்டு நடுவில் வந்தால்தான் விழும். வேகம் கூடக் கூடக் குழி சிறுத்துப் போகிறது. நான் எதிர்த்தரப்பு ஆள். ஓயும் பந்து பக்கவாட்டு வாசல் வழியாகக்கூட உள்ளே நுழைகிறது. அதைக் குழிக்குள் சேர்ப்பது கையும் வாட்டமும் சேர்ந்துதான்.

தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் அந்தக் கட்சியின் தலைவர். பழைய காலத்து மரத்தண்டுப் புட்டரோடு 1949, 1950, 1952, 1957 என நான்கு முறை பிரிட்டிஷ் ஓபன் வென்றார். தூர அடி காட்சிக்கு, புட்டிங் காசுக்கு என்ற சொல் அவர் பெயரோடுதான் ஒட்டியிருக்கிறது. நம் பக்கத்தில் எஸ்.எஸ்.பி. சௌராசியா. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் கிரீன் பராமரிப்பாளர் மகன். கிரீனைச் சுற்றிய சிற்றடிகளுக்காகவே அவருக்கு சிப்-புட்-சியா என்று பட்டப்பெயர். 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓபன் வென்றார். கேடியாக இருந்து ஆட்டக்காரரான பெங்களூர் முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றதையும் சேர்த்து நினைக்கிறேன். கிளப் உறுப்பினர்கள் வருவதற்கு முன்னாலும் போன பிறகும் கிரீனைக் கண்ணால் அளந்து வளர்ந்தவர்களுக்கு வாட்டம் எழுத்தறிவு மாதிரி முன்பே வந்துவிடுகிறது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் தன் வீட்டில் ஒரு புட்டர் செய்தார். எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு முனைகளுக்கும் பகிர்ந்ததால், பந்து நடுவில் படாவிட்டாலும் முகம் அதிகம் திரும்பவில்லை. தட்டும்போது ‘பிங்’ என்று ஒலித்ததால் அதுவே பெயராயிற்று. இன்றைய புட்டர்களில் பெரும்பகுதி அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள். நல்ல கண்டுபிடிப்பு. ஆனாலும் எடை பகிராத பழைய மெலிந்த புட்டரில் ஒருவர் நடுவிலேயே திரும்பத் திரும்பத் தொடுவதைப் பார்ப்பதில் வேறு ருசி.

இந்தக் கை உடைந்தும் போகும். அதற்கு யிப்ஸ் என்று பெயர். மூன்றடிப் புட்டின் மேல் நிற்கும்போது மணிக்கட்டு தன்னால் துள்ளும். புத்தியும் கண்ணும் சரியாக இருக்க, கை மட்டும் சொன்னபடி கேட்காது. பெரிய சாம்பியனான பென் ஹோகன்கூடத் தன் பிற்காலத்தில் புட்டரைப் பின்னால் இழுக்க முடியாமல் அப்படியே நின்றார். சாம் ஸ்னீட் பந்துக்கு இரு பக்கமும் கால் வைத்து நின்று ஆடிப் பார்த்தார்; 1968-இல் அந்த நிலைக்குத் தடை வந்தது. பெர்ன்ஹார்ட் லாங்கரின் கதைதான் என்னை மிகவும் நெகிழ வைப்பது. யிப்ஸ் திரும்பத் திரும்ப வந்தது, அவர் திரும்பத் திரும்பப் பிடியை மாற்றினார். இடது முன்கையோடு தண்டைச் சேர்த்து வலது கையால் இறுகப் பற்றும் விநோதப் பிடி வரை போனார். இடையில் 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். நீண்ட புட்டரின் நுனியை மார்பில் ஊன்றி ஆடுவதற்கு 2016 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது, அதே நீண்ட புட்டரை உடம்பில் படாமல் பிடித்துத் தொடர்ந்தார். அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஊன்றிய புட்டரில் ஊசலைத் தாங்குவது உடம்பு. கைக்கு வேலை குறைந்துவிடுகிறது. லாங்கர் மேல் உள்ள மரியாதை அதனால் குறையவில்லை.

மைதானம் இல்லாத ஊரில் கையைப் பழக்க முடியுமா என்றால், முடியும். பெங்களூரில் பழைய புட்டர் கிடைக்கும். பழைய வீடுகளின் சிவப்பு சிமெண்டுத் தரை எந்தக் கிரீனையும்விட வேகமானது. முறிந்த ஊசலை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். மொட்டை மாடியில் வாட்டத்துக்குக் குறுக்கே போட்டால் பந்து எங்கே திரும்புகிறது என்று படிக்கலாம். குழியோ டம்ளரோ வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இலக்கு இருந்தால் கண் பந்தின் பின்னால் ஓடும், தலை தூக்கும், தோள் திறக்கும். பந்துக்கு அடியில் ஒரு காசு வைத்துக்கொண்டு, பந்து போன பிறகும் அந்தக் காசையே பார்த்து நின்றால் தலை தங்கும். மனசுக்குள் பின்னால் போக இரண்டு எண்ணிக்கை, திரும்ப ஒன்று. மூன்றடிக்கும் அதே எண்ணிக்கை, பதினைந்தடிக்கும் அதே. பந்துகள் ஒன்றோடு ஒன்று நெருங்கி ஒரே இடத்தில் போய் நிற்கத் தொடங்கிய பிறகு டம்ளரை வைத்துக்கொள்ளலாம்.